மலைநாட்டு வீதியை வானிலிருந்து படம் பிடிக்க: யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு விரிவான பதில்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் நாலு பேர் ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வேன் பிடித்து ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை என்று சுற்றப் போகிறோம். போன வருசம் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி பூநகரி, மன்னார் கரையோர வீதியில் ட்ரோன் விட்டு எங்கள் வேனைப் படம் பிடித்தோம். அருமையாக வந்தது. மலையிலும் அப்படியே எடுக்க ஆசை. 249 கிராம் ட்ரோன்தான். எங்கே, எந்த நேரத்தில், எப்படி எடுக்கலாம் அண்ணா?"

கரையோரப் படம் நன்றாக வந்ததற்கு உங்கள் கை மட்டும் காரணமில்லை தம்பி, அந்த நிலமும்தான். பூநகரிப் பக்கம் தரை தட்டை. ட்ரோனை எங்கே நூறு மீற்றர் ஏற்றினாலும் அது தரையிலிருந்து நூறு மீற்றர்தான். முட்டுவதற்கு ஒரு பனை இருக்கலாம், மிஞ்சினால் ஒரு டவர். செங்குத்தாகக் கீழே பார்த்தாலே வெளிறிய உவர்த்தரை, களப்பு நீர், நடுவே கறுப்பு வீதி என்று படம் தானாக அமைந்துவிடும். மலையில் அந்த வசதி எதுவும் கிடையாது. இங்கே எதைத் தீர்மானிக்கும் முன்பும் மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். மாதம், நேரம், கோணம், காற்று, சிக்னல் எல்லாம் அதை வைத்துத்தான்.

மாதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்லப் போவது அதைத்தான். மலையகம் முழுவதற்கும் ஒரே வானிலை இல்லை. நடு மலைத்தொடருக்கு மேற்கே ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை. கிழக்கே ஊவா: வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டும்போது காய்ந்த காற்றாக ஊவாவில் இறங்குகிறது. மட்டக்களப்புப் பக்கம் இதைக் கச்சான் என்பார்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழ். ஊவாவுக்கு மழை, ஹட்டன் பக்கம் தெளிவு.

இதற்குத் தேயிலைக்காரர்களின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மேற்குப் பக்கத்துத் திம்புள்ளை, டிக்கோயாத் தேயிலைக்கு வாசம் கூடும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காய்ந்த காற்றும் தெளிந்த வெயிலும் குளிர்ந்த இரவும் சேரும்போதுதான் கொழுந்துக்கு அந்த வாசம் வருகிறது. படத்துக்கு வேண்டியதும் இவைதான். எந்தப் பக்கத்துத் தேயிலை அந்த மாதம் ஏலத்தில் பேசப்படுகிறதோ அந்தப் பக்கம் ட்ரோனோடு போங்கள்.

ஆகவே ஓகஸ்டில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் படத்துக்காக ஒரு நாள்கூட ஒதுக்காதீர்கள். மழையில் ஓட்டிக்கொண்டே போங்கள். ஜன்னலில் நீர் வழியும் அந்தப் பயணமும் நல்லதுதான், ஆனால் அதைக் கையில் இருக்கும் போனில் எடுத்தால் போதும். நுவரெலியாவைத் தாண்டி ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது, பல நாட்களில் சில வளைவுகளுக்குள்ளேயே மழை விட்டுப்போய் வானம் திறப்பதைப் பார்ப்பீர்கள். கோச்சியில் (ரயிலில்) வருபவர்களுக்கு இதே மாற்றம் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் நடக்கும். ஒரு வாயில் மூட்டத்தில், மறு வாயில் வெயிலில். ட்ரோன் பெட்டியை அந்த வெயில் பக்கத்தில் திறவுங்கள். வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களும் வயல் படிகளும், பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை போகும் முகட்டு வீதியும், அப்புத்தளையிலிருந்து டம்பேதன்னை வரை மலைச்சரிவை ஒட்டிப் போகும் ஒடுங்கிய தோட்டப் பாதையும் ஓகஸ்டில் உங்களுக்குப் போதும்.

நேரம் காலைதான். ஆறு மணியைச் சுற்றி விடிந்தாலும் பள்ளத்தாக்குக்குள் வெயில் வர நேரமாகும், ஏனென்றால் கிழக்கே ஒரு மலை மறைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் எடுக்கப்போகும் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதல் நாள் மாலையே போய்ப் பார்த்து வையுங்கள். கிழக்கு பார்த்த சரிவுக்கு ஆறரை மணிக்கே வெளிச்சம் கிடைக்கும். மேற்கு பார்த்த சரிவு ஒன்பது மணி வரைகூட இருட்டில் கிடக்கலாம். பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் தேயிலை நிரைகளுக்கு நடுவே நிழல் கோடுகள் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைப் பாயாகிவிடும். பத்து மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து முகில் ஏறத் தொடங்கும். அப்புத்தளை முகட்டில் தெற்குப் பக்கப் பள்ளத்திலிருந்து அது ஏறிவரும் வேகத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் வந்தால் பிற்பகல் இடிமழையை எதிர்பாருங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு ட்ரோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி கோணம். இதில்தான் கரையோரப் பழக்கம் உங்களைக் கெடுக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் மலை தட்டையாகிவிடுகிறது. ஆயிரம் அடி பள்ளமும் வயல்வெளியும் ஒன்றுபோலத் தெரியும். கண்ணுக்கு முன்னால் இருந்த பயம், ஆழம், வளைவின் நெருக்கம் எதுவும் படத்தில் இராது. மலையின் உயரம் பக்கத்திலிருந்துதான் தெரியும். அதனால் ட்ரோனை வீதிக்கு மேலே கொண்டு போகாதீர்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே வெளியே தள்ளி, ஏறக்குறைய வீதியின் மட்டத்திலேயே, அல்லது சற்றே மேலே நிறுத்தி, கமராவைக் கொஞ்சமாகச் சாய்த்து மலையைத் திரும்பிப் பாருங்கள். அப்போது வீதி ஒரு கோடாக மலையின் இடுப்பைச் சுற்றிப் போவது தெரியும். கீழே பள்ளம், மேலே முகடு, நடுவே வேன் ஒரு புள்ளி. மலைநாட்டுப் பயணம் அப்படித்தான் இருக்கிறது. படச் சட்டத்தின் மேல் ஓரத்தில் வானம் கொஞ்சமாவது இருக்கட்டும், இல்லையென்றால் சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ட்ரோனே தேவைப்படாது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வீதியில் மேல் வளைவில் நின்றால் கீழ் வளைவு உங்கள் காலடியில் கிடக்கும். டம்பேதன்னையில், 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைத் தாண்டி லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்கு ஏறும் தோட்டப் பாதையில் வேனைக் கீழே ஓட விட்டு, நீங்கள் இரண்டு வளைவு மேலே நின்று சாதாரணக் கமராவில் சற்று நீண்ட லென்ஸால் எடுங்கள். வானிலிருந்து எடுத்தது என்றே எல்லோரும் சொல்வார்கள். லென்ஸ் நீளமாக இருந்தால் பின்னாலிருக்கும் மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்து நிற்கும். சின்ன ட்ரோனின் அகன்ற லென்ஸில் தூரத்து முகடு சிறுத்துப் போகும். காற்று பலமாக இருக்கும் நாட்களில் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

ட்ரோன் விடும் இடத்தில் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது உயரக் கணக்கு. ரிமோட்டில் தெரியும் உயரம் தரையிலிருந்து அல்ல, நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து. பள்ளத்தில் கிளப்பி 60 மீற்றர் ஏற்றி எதிர்ச் சரிவை நோக்கி விட்டால், சரிவு 60 மீற்றருக்கு மேல் எழும்பும் இடத்தில் ட்ரோன் தேயிலைக்குள் போய்ச் செருகும். திரும்பி வரும் உயரம் என்று ஒன்றை அமைத்திருப்பீர்களே, மலையில் அதுதான் உயிர்நாடி. சிக்னல் அறுந்தால் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் உங்களிடம் வரும். வரும் வழியில் ஒரு முகடு அதைவிட உயரமாக நின்றால் அவ்வளவுதான். ஒவ்வொரு இடத்திலும் சுற்றிப் பார்த்து, நடுவே உள்ள மிக உயர்ந்த மரத்துக்கும் முகட்டுக்கும் மேலே இன்னும் 30 மீற்றர் கூட்டி அதை மாற்றி அமையுங்கள். நேற்று வெலிமடையில் வைத்த எண் இன்று அப்புத்தளைக்கு உதவாது. முகடு அவ்வளவு உயரம் என்றால், அந்த இடத்தில் முகட்டுக்குப் பின்னால் போகாமல் இருப்பது ஒன்றே வழி. ரேடியோ சிக்னல் மலையைத் துளைக்காது. ஒரு திருப்பத்தில் ட்ரோன் கண்ணை விட்டு மறைந்த அடுத்த நொடியே திரையும் உறையும்.

அப்புறம், நீங்கள் வேனில் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள், ஆனால் ட்ரோனுக்கு வீடு கிளப்பிய இடம்தான். இரண்டு வளைவு தள்ளிப் போய் நின்றுகொண்டு, பற்றரி குறைந்து அது தானாகத் திரும்பினால், ஆளில்லாத பழைய இடத்தில் போய் இறங்கும். ஓட்டுபவர் ஒருவர், ட்ரோன் விடுபவர் ஒருவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ட்ரோன்காரர் கிளப்பிய இடத்திலேயே நிற்கட்டும். வேன் மட்டும் போய்த் திரும்பி வரட்டும். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் நம்பிக்கையில்லை. எந்த வளைவில் திரும்புவது, எத்தனை தடவை போய் வருவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

வேனைத் தானாகத் தொடரும் வசதியை மலையில் நம்பவே வேண்டாம். மரநிழலுக்குள் வேன் போனதும் அது வேறொரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு போகும். ட்ரோன் நிற்கட்டும், வேன் ஓடட்டும். சட்டத்தின் ஒரு மூலையில் நுழைந்து வளைவைச் சுற்றி மறு மூலையில் வெளியேறும் இருபது செக்கன் ஓட்டம், துரத்திப் பிடித்த இரண்டு நிமிடத்தைவிட மேலானது. ட்ரோன் நகர வேண்டும் என்றால் மெதுவாகப் பின்னோக்கி, மலையிலிருந்து விலகிப் போகட்டும். பின்னால் வெறும் பள்ளம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

கம்பிகள். வீதியோர மின்கம்பிகள் கண்ணில் படும். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்குத் தொங்கும் கம்பிகள் பச்சைப் பின்னணியில் தெரியவே தெரியாது. சில தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளை அனுப்பக் கட்டிய பழைய கம்பிவடங்களும் உண்டு. ட்ரோனின் தடை உணரிக்கு மெல்லிய கம்பி பிடிபடாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரு பக்கமும் கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று, வெளியூர்க்காரர் யாரும் நினைத்துப் பார்க்காதது: குளவி. மலையகச் செய்தி படிப்பவர்களுக்கு "குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்ற தலைப்பு பழகிப்போயிருக்கும். உயிர்களும் போயிருக்கின்றன. உயர்ந்த மரக்கிளை, பாறை விளிம்பு, பாலத்தின் அடிப்பக்கம் என்று குளவியும் மலைத்தேனீயும் கட்டும் கூடுகள் தூரத்திலிருந்து தெரியாது. ட்ரோன் கிட்டப் போனால் அதன் இரைச்சலும் காற்றும் கூட்டைக் கலைத்துவிடும். கலைந்த கூட்டம் ட்ரோனை விட்டுவிட்டுக் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் மேல் இறங்கும். நெருக்கமான தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தலையில் கூடையோடு, சரிவில் அவர்களால் ஓட முடியாது. ஒரு செக்கன் அழகான காட்சிக்காகப் பாறை முகத்தையும் பெரிய மரத்தையும் ஒட்டிப் பறக்காதீர்கள். கிளப்புவதற்கு முன், "இந்தப் பக்கம் குளவிக்கூடு இருக்கா?" என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு எந்த மரம் என்று துல்லியமாகத் தெரியும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் நிற்கும் இடத்தில் இலை அசையாமல் இருக்கலாம். முகட்டுக்கு மேலே தலை நீட்டியதும் ட்ரோனை அடித்துக்கொண்டு போகும். ஓகஸ்டில் அப்புத்தளை முகட்டில் இது சாதாரணம். காற்று மலையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் கீழ்நோக்கி அமுக்கும் சுழற்சி இருக்கும். அங்கே சின்ன ட்ரோன் ஏறவே திணறும். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வரும்படி அமையுங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், பற்றரி சீக்கிரம் இறங்கும். காலைக் குளிரும் பற்றரியை வாட்டும். பறக்கவிடும் வரை ஜக்கெட் பைக்குள் வைத்திருங்கள். பாதி பற்றரி இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

மூட்டத்துக்குள் ட்ரோனை விடாதீர்கள். நீர்த்துளி படிந்து லென்ஸ் மங்கும், தடை உணரி மூட்டத்தையே சுவரென்று நினைத்து நின்றுவிடும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு மார்ட்டின்எயர் விமானம் மோதி அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். அந்தப் பக்கத்து முதியவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். மேலிருந்து வருபவருக்கு மலை எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்துவிட முடியாது. மூட்டம் அழகுதான். அது பள்ளத்தில் கிடக்கும்போது அதற்கு மேலே நின்று எடுங்கள், உள்ளே போக வேண்டாம்.

கமரா அமைப்பில் மூன்று விடயம் போதும். வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியில் விடாமல் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு முகில் கடந்து போனதும் படம் நிறம் மாறும். முகில் வெளுத்துப் போகாதபடி வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். தேயிலையின் இருட்டைப் பிறகு தூக்கலாம், வெளுத்த முகிலை மீட்க முடியாது. வீடியோ செக்கனுக்கு 25 சட்டத்தில் எடுத்தால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு செக்கன், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர். நிறத்தைப் பொறுத்தவரை, கொழுந்து எடுத்து முடிந்த மலை ஒரு பச்சை, எடுக்காத மலை இன்னொரு பச்சை, கவ்வாத்து (செடியைக் குட்டையாக்கி) வெட்டிய மலை பழுப்பு. இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும் இடத்தைத் தேடுங்கள். பச்சை மட்டுமே உள்ள படம் சீக்கிரம் அலுத்துவிடும். வேனும் வெள்ளையாக இல்லாமல் சிவப்போ நீலமோ ஆக இருந்தால் நல்லது.

சட்டம். 249 கிராம் என்பதால் எந்த அனுமதியும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு நாடுகளின் 250 கிராம் கணக்கு. இங்கே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் மிக எடை குறைந்த வகுப்பு 200 கிராமோடு முடிகிறது. உங்கள் ட்ரோன் அதற்கு மேலே உள்ள வகுப்பு, ஆகவே பதிவும் அனுமதியும் வேண்டும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் அனுமதியோடு திரும்பியது. அந்த நினைவு பொலிஸுக்கும் இராணுவத்துக்கும் இன்னும் இருக்கிறது. புறப்படும் முன் அப்போதைய விதிகளை அதிகாரசபையிடமே கேட்டு, அனுமதிக் கடிதங்களை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். போனில் காட்டுவதைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

உங்கள் வழியில் பறக்கவே கூடாத இடங்கள் சில. பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவே தியத்தலாவை இராணுவப் பயிற்சி நிலையம். அங்கே வீதி அழகாக இருந்தாலும் பெட்டியைத் திறக்காதீர்கள். நுவரெலியாவில் பிதுருதலாகலை உச்சி பாதுகாப்பு வலயம். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை போன்ற அணைக்கட்டுகளின் பக்கம் வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ட்ரோன் விட முடியாது. அதுவும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. எல்ல ஊர்ப் பக்கம் போனால் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் பகல் முழுவதும் ஆட்கள் தண்டவாளத்தில் நிற்பார்கள். கோச்சி வரும் நேரத்தில் அவர்கள் தலைக்கு மேலே ட்ரோன் சுற்றுவதை என்னால் ஏற்க முடியாது. பக்கத்துக் குன்றில் ஏறி நின்றே எடுக்கலாம்.

இனி எனக்கு மிக முக்கியமானது. நீங்கள் மேலிருந்து பார்க்கப்போகும் வீதிகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் வாசலால் போகின்றன. தோட்டப் பாதைக்குக் கீழே நீளமாகத் தெரியும் தகரக் கூரைகள் லயங்கள். மேலிருந்து பார்க்க நிரை நிரையாக அழகாக இருக்கும், படம் எடுக்கக் கை துடிக்கும். அந்தக் கூரைக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. குளிப்பதும் துவைப்பதும் பல இடங்களில் தண்ணீர் விழும் திறந்தவெளிப் பீலியில்தான். காலை ஏழு மணிக்கு, உங்களுக்கு வெளிச்சம் பொன்னாக விழும் அதே நேரத்தில், பெண்கள் பீலியில் இருப்பார்கள். லயத்துக்கும் பீலிக்கும் மேலே ட்ரோன் போகவே கூடாது. எவ்வளவு உயரத்தில் போனாலும் சரி. கமரா எங்கே பார்க்கிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது, அவர்களுக்கு அந்தச் சத்தமே போதும்.

தோட்டப் பாதை பொதுவீதி இல்லை. தோட்ட ஒபிசில் போய், துரையிடமோ (தோட்ட முகாமையாளர்) அந்த டிவிசனைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமோ சொல்லி அனுமதி வாங்குங்கள். அதோடு நிறுத்தாமல், மலையில் நிற்கும் கங்காணியிடமும் கொழுந்து எடுக்கும் அக்காமாரிடமும் பேசுங்கள். தமிழில் பேச முடிகிறது என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி! "அக்கா, எங்கட வேன் இந்த வளைவால வரும், தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்கிறோம், நீங்கள் அதில வந்தால் பரவாயில்லையா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு மலைக்குப் போங்கள். சரி என்றாலும் அவர்களை நிறுத்தி, திரும்பி நிற்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி வேலையைக் கெடுக்காதீர்கள். எடுத்த கொழுந்து மடுவம் என்ற கொட்டகையில் நிறுக்கப்படும். நாள் கணக்கு அந்த எடையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம் அவர்களுடைய கூலி. கிளப்பவும் இறக்கவும் நல்ல தட்டையான இடம் பெரட்டுக்களம், காலையில் வேலை பிரிக்க ஆட்கள் கூடும் இடம். காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். பிள்ளைகள் ஓடி வருவார்கள். விசிறி நிற்கும் வரை அவர்களைத் தள்ளி நிறுத்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரையில் அவர்களுடைய ஊரைக் காட்டுங்கள். தங்கள் பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் சந்தோசம் தனி.

மண்சரிந்த இடங்களைப் படத்துக்காகத் தேடிப் போகாதீர்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி வெல்லவாயைப் பக்கம் திரும்பினால் கொஸ்லந்தை வரும். அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் அதே கதை. மேலிருந்து பார்த்தால் பச்சையில் ஒரு செம்மண் கீறல், கண்ணைப் பறிக்கும். அந்த மண்ணுக்குக் கீழே கிடப்பவர்களின் உறவுகள் பக்கத்து லயத்தில் இருக்கிறார்கள். பாதிப்பை ஆவணப்படுத்த வேண்டிய வேலை வேறு, அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் படத்தில் பின்னணிக் காட்சியாக அது வரக்கூடாது. மழைக்காலத்தில் வீதி மூடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் கேட்டுவிட்டுப் புறப்படுவது உங்கள் பாதுகாப்புக்கும் தேவை.

ட்ரோன் தேயிலைக்குள் விழுந்தால் நாலு பேரும் இறங்கிச் செடியை மிதித்துத் தேடாதீர்கள். கடைசியாகக் காட்டிய ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொண்டு, தோட்டத்து வாச்சரிடமோ அந்த மலையில் வேலை செய்பவரிடமோ சொல்லுங்கள். எந்த நிரையால் இறங்குவது என்று அவர்களுக்குத் தெரியும். நன்றியாகக் கையில் ஏதாவது கொடுங்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள்.

ஹட்டன் பக்கத்தை ஓகஸ்டில் விடச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பெப்ரவரியில் வார நாட்களில் தனிப் பயணமாக வாருங்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் ஏ7 வீதியில், டெவோன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள் எதிர்ப்படும் அந்தத் துண்டு ஒன்றே ஒரு முழுக் காலைக்குப் போதும். பள்ளத்தாக்குக்கு ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் நீர்வீழ்ச்சி. நான் மேலே சொன்ன பக்கவாட்டுக் கோணத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் மேற்கில் எனக்குத் தெரிந்து இல்லை. நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் போகும் வீதியை அணையை விட்டு நன்றாகத் தள்ளி, அனுமதியோடு, தண்ணீர் இறங்கியிருக்கும் மார்ச்சில் எடுங்கள். அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், வெசாக் வரை ஓடும். அதனால் மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை வார இறுதிகளில் பஸ்ஸும் வேனும் வரிசை கட்டும். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்து, ஹட்டனில் தங்கி, விடிவதற்கு முன் புறப்படுங்கள்.